மொபைல் லெஜண்ட்ஸா, டோட்டா 2-வா?

வேலைக்குப் போறவனுக்கு, போன்ல டீமா மோதி ஆடுற மொபைல் லெஜண்ட்ஸ் கேம்தான் சரி லா மச்சான். ஒரு கேம் 15 நிமிஷம் போல, மாமாக் சாப்பாட்டுக் கடைல ரொட்டி சானாய் வர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிரும். 2019ல மொத உலகச் சாம்பியன்ஷிப்பே நம்ம கோலாலம்பூர்ல, ஆக்சியாட்டா அரேனாலதான் நடந்துச்சு.

டோட்டா 2ன்னா கம்ப்யூட்டர் முன்னால 40 நிமிஷம் அசையாம உக்காரணும், இருந்தாலும் நடுவுல அம்மா கேஸ் தோம்பு மாத்தச் சொன்னா கேமை நிறுத்தி வச்சுட்டு (pause) ஓடலாம், ஆனா மொபைல் லெஜண்ட்ஸ்ல ரேங்க் ஆடுறப்ப அந்தக் கதையே இல்ல, போன வாரம் ரயில் சுரங்கத்துக்குள்ள போனதும் லைன் செத்து, லார்டுங்கிற பெரிய பூதத்த அடிக்கிற நேரத்துல என் ஹீரோ மரம் மாதிரி நின்னுச்சு, டீம்காரன் மலாய்ல வச்சு செஞ்சான்.

டோட்டால ஹீரோ எல்லாமே ஃப்ரீ, மொபைல் லெஜண்ட்ஸ்ல ஒவ்வொண்ணா சேத்து வாங்கணும், அதான் கடுப்பு. சனிக்கிழமை ராத்திரி மட்டும் எனக்கு டோட்டாதான்.