கோஸ் போர்ட்டா ப்ரோ: வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது எது நிற்கிறது, எது போகிறது

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயங்கும் கோஸ் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த போர்ட்டா ப்ரோ ஹெட்போன், இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனையில் இருக்கிறது. வாக்மேன் காலத்துப் பொருள். தலைக்கு மேல் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள், காதின் மேல் உட்காரும் வட்டப் பஞ்சு, எடை நூறு கிராமுக்கும் குறைவு. கையில் எடுத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்றுதான் தோன்றும். ஆனால் தாங்குகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் தாண்டியும் ஓடும். இடையில் பழுதாவது பெரும்பாலும் பஞ்சும் வயரும்தான். ஒலி தரும் ட்ரைவர் அவ்வளவு எளிதில் போவதில்லை. இது தெரியாமல் ‘ஒரு பக்கம் கேட்கவில்லை’ என்று நல்ல ஹெட்போனைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் பஞ்சு. காதுப் பஞ்சு பாலியூரித்தேன் ஃபோம். வியர்வை, தலை எண்ணெய், காற்றின் ஈரம் மூன்றும் சேர்ந்தால் அது மெதுவாக உதிர ஆரம்பிக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தொட்டால் பிசுபிசுப்பது, விரலில் கறுப்புத் தூள் ஒட்டுவது, அழுத்தினால் திரும்ப எழாமல் தட்டையாகவே கிடப்பது ஆகியவை மாற்ற வேண்டிய அறிகுறிகள். ‘இன்னும் கிழியவில்லையே’ என்று விட்டுவைக்காதீர்கள். பஞ்சு தட்டையானால் ட்ரைவருக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து ஒலியே மாறிவிடும். ஒரு பக்கப் பஞ்சு மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் இடது, வலது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆன்லைன் கடைகளில் 50 மி.மீ. ஃபோம் என்று கேட்டால் கிடைப்பது பொருந்தும். மாட்டும்போது பஞ்சின் உதட்டை ஒரு இடத்தில் விளிம்புக்குள் நுழைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுற்றிவர இழுத்து மாட்ட வேண்டும். நகத்தால் இழுத்தால் கிழியும். அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அமுக்கி அலசலாம். பிழியக் கூடாது. துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, நிழலில் முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள். சானிடைசர் வேண்டாம்.

காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டில் அழுத்தும் சின்னப் பஞ்சுகளும் இரண்டு உண்டு. இவை ஒட்டப்பட்டவை, மாட்டிக் கழற்ற முடியாது. உதிர்ந்துபோனால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் 4 அல்லது 5 மி.மீ. ஃபோம் ஷீட்டை அளவாக வெட்டி இருபக்க டேப்பால் ஒட்டலாம். பார்க்க அவ்வளவு அழகாக இராது, ஆனால் உறுத்தாது.

அடுத்தது வயர். நீளம் சுமார் 1.2 மீட்டர், இரண்டு காதுகளுக்கும் பிரிந்து போகிறது. வயர் அறுந்துபோவது மூன்று இடங்களில்: போனில் செருகும் பின்னுக்கு (பிளக்குக்கு) ஒட்டினாற்போல், வயர் இரண்டாகப் பிரியும் இடத்தில், காதுப் பகுதிக்குள் நுழையும் இடத்தில். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் பின் அருகில்தான் போகும். பையின் விளிம்பு வயரை ஒவ்வொரு அடிக்கும் மடித்து நிமிர்த்துகிறது. உள்ளே இருப்பது முடியளவு மெல்லிய செப்பு இழைகள், ஒவ்வொன்றாக ஒடிந்துகொண்டே வரும்.

எங்கே அறுந்திருக்கிறது என்பதை, மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். போர்ட்டா ப்ரோவின் மின்தடை ஒரு பக்கத்துக்கு 60 ஓம். 3.5 மி.மீ. பின்னின் நுனி இடது காது, நடு வளையம் வலது காது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த், அதாவது மின்னோட்டம் திரும்பும் வழி. நுனிக்கும் அடிக்கும் நடுவே 60-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். வளையத்துக்கும் அடிக்கும் நடுவேயும் அதே. மீட்டர் முனைகளைப் பிடித்தபடியே வயரை இடம் இடமாக வளைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. எவ்வளவு வளைத்தாலும் இரண்டு பக்கமும் 60-லேயே நின்றால் ஹெட்போனில் குறையில்லை. போனின் ஜாக்கில் பஞ்சும் தூசியும் அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், குண்டூசி வேண்டாம்.

இன்னொரு விசித்திரமான பழுது உண்டு. இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் பாடகர் குரல் மட்டும் எங்கோ தொலைவில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பலர் இதை ட்ரைவர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பொதுவான எர்த் அறுந்திருக்கிறது. அப்போது இரண்டு ட்ரைவர்களும் தொடராகிவிடும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். குரல் இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது கழிந்துபோகிறது. மீட்டரில் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே 120 ஓம் காட்டும், அடிப்பகுதியோடு வைத்தால் எதுவுமே காட்டாது.

பின் அருகில்தான் கோளாறு என்று உறுதியானால், 3 செ.மீ. மேலே வெட்டிவிட்டுப் புதிய 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் வாங்கிச் சால்டர் செய்யலாம், அதாவது ஈயத்தால் பற்றவைக்கலாம். பின்னின் மூடியையும் சூட்டில் சுருங்கும் குழாயையும் வயரில் முதலில் கோர்த்துவிடுங்கள். சால்டர் எல்லாம் முடித்த பிறகு மூடி மேஜையில் கிடப்பதைப் பார்த்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். இழைகள் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதை எரிக்காமல் சால்டர் பிடிக்காது. 350 முதல் 380 டிகிரி வைத்து, சால்டர் இரும்பின் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, இழையின் நுனியை அதற்குள் இரண்டு மூன்று நொடி வையுங்கள். லேசாகப் புகை வந்து, பிறகு வெள்ளி நிறம் ஏறும். ஏறாவிட்டால் பூச்சு போகவில்லை. எர்த் இழைகள் இரண்டையும் முறுக்கி ஒன்றாக்குங்கள். எந்த நிறம் எந்தக் காதுக்கு என்பதை ஊகிக்க வேண்டாம். மீட்டரை வைக்கும்போது எந்தக் காதில் மெல்லிய ‘கிளிக்’ கேட்கிறதோ அதுதான் அந்த இழை. மூடியை மூடும் முன் 60, 60, 120 மூன்றும் வருகிறதா பார்த்துவிடுங்கள். காதுப் பகுதிக்குள் புது வயர் கொண்டுபோவதாக இருந்தால் உள்ளே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுச் சால்டர் செய்யுங்கள். இழுப்பை முடிச்சு தாங்கும், பற்றவைத்த இடம் தப்பிக்கும்.

ஒரு பக்கத்தில் மட்டும், பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வரும்போதெல்லாம் ‘கர்ர்’ என்று உதறினால் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். பஞ்சு வழியாகத் தலைமுடி உள்ளே போய் ட்ரைவரின் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். பஞ்சைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பார்த்து, சாமணத்தால் உருவினால் சரியாகிவிடும். லேத் பட்டறை, வெல்டிங் கடை போன்ற இடங்களில் இதை மேஜைமேல் வைக்கவே கூடாது. ட்ரைவரின் காந்தம் இரும்புத் தூளை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதை எடுப்பது மிகவும் கடினம்.

பட்டையைப் பொறுத்தவரை உடைவது அரிது. உண்மையான தொல்லை முடி. ஒரு பட்டை இன்னொன்றின்மேல் சறுக்குவதால் நீளமான முடி இடையில் சிக்கிப் பிடுங்கும். தலையில் வைத்தபடி அளவை மாற்றாமல், கழற்றி மாற்றிவிட்டுப் போடுங்கள். அளவு ஒருமுறை சரியாகிவிட்டால் பட்டைகள் சேரும் இடத்தில் துணி டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். முடியும் சிக்காது, அளவும் நழுவாது. ஆனால் மடக்கிச் சுருட்டும் வசதி போய்விடும்.

சௌகரியம் இதன் பெரிய பலம். பொட்டுப் பஞ்சுக்கு மேலே ஒரு சின்னச் சறுக்கு இருக்கிறது, மூன்று நிலைகள். லேசான நிலையில் பாரம் பொட்டுக்குப் போய்க் காது தப்பிக்கிறது. இறுக்கமான நிலையில் பஞ்சு காதோடு ஒட்டுகிறது. ஒட்டினால் பேஸ் கூடும். பலரும் இதைத் தொடாமலேயே வைத்திருக்கிறார்கள், வீண். கண்ணாடி அணிபவர்கள் லேசான நிலையில் தொடங்குவது நல்லது. இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் கண்ணாடிக் காம்பு காதின் பின்புறத்தை உறுத்தும். மூடிய வகை ஹெட்போன்போல் காது புழுங்காது என்பது நம் ஊர் வெயிலுக்குப் பெரிய விஷயம்.

ஒலியைப் பற்றி நேராகச் சொல்வதென்றால், இது வெதுவெதுப்பான ஒலி. 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பேஸ் தூக்கலாக இருக்கும், அதற்கும் கீழே போகப்போக ஆழம் குறையும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் பெருத்தே கேட்கும். தம்புராவின் மேல் ரீங்காரமும் தாளத்தின் கூர்மையும் சற்று மழுங்கும். குரல் மட்டும் அருகில், இயல்பாக நிற்கும். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள், குரலின் மேலிருந்து ஒரு போர்வை விலகும். ஈக்வலைசர் இல்லாமலும் வழி உண்டு: பஞ்சின் நடுவில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு, அதாவது சுமார் 23 மி.மீ. வட்டமாக வெட்டி எடுப்பது. மேல் ஸ்தாயி தெளியும், பேஸ் கொஞ்சம் இளைக்கும். உதிரிப் பஞ்சில் மட்டும் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

பின்புறம் திறந்த அமைப்பு என்பதால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும். வீட்டுக்கும் நடைப்பயிற்சிக்கும் நல்லது, வண்டிச் சத்தமும் காதில் விழும். பேருந்துக்கும் ரயிலுக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம். இரைச்சலை மீற ஒலியைக் கூட்டுவீர்கள், அதில்தான் ஆபத்து. இதன் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். 60 ஓமில் அதற்கு கால் வோல்ட் போதும். போனில் ஹெட்போன் மாட்ட உதவும், அரை வோல்ட் தரும் சாதாரண டைப்-சி அடாப்டரே 107 டெசிபல் வரை தள்ளிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவோ வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல்தான். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கத் தேவையில்லை என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: வயர்லெஸ் வகையில் பேட்டரியின் ஆயுள்தான் ஹெட்போனின் ஆயுள். நீண்ட காலம் வேண்டுமென்றால் வயர் உள்ளதே மேல். வயரைக் கழற்றி மாற்றக்கூடிய யுட்டிலிட்டி வகை கிடைத்தால் மேலே சொன்ன சால்டர் வேலையில் பெரும்பகுதி மிச்சம். அமெரிக்காவில் பேசப்படும் ஆயுட்கால வாரண்டி இங்கே செல்லும் என்று நினைத்து வாங்காதீர்கள். இறக்குமதி செய்பவர் பெட்டியில் போட்டிருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். போலிகளும் உலவுகின்றன. பெட்டியைப் பிரித்ததும் மீட்டரை வையுங்கள். 60-க்குப் பதிலாக 32-ஐ ஒட்டி எண் வந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன்பே அனுப்பிவிடுங்கள்.