சுவரில் 99 ஆம் இலக்கம்: கல்லடி ஜிம் ஒன்றில் நான்கு மாதங்கள்

கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கைகளில் ஒன்றில், மாடி வீடொன்றின் கீழ்த்தளத்தில் நடக்கும் ஜிம்முக்கு நான்கு மாதங்களாகப் போய் வருகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன். உள்ளே காலெடுத்து வைத்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயரப் படமொன்று தெரியும். அதில் 99 ஆம் இலக்கச் சட்டையுடன் நிற்பவர் ஆரன் டொனால்ட். அமெரிக்கக் கால்பந்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் பத்துப் பருவங்கள் விளையாடி, 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றவர். இந்தப் படத்துக்கு இந்த ஜிம் எவ்வளவு தகுதியானது என்பதை வைத்தே நான் அதை மதிப்பிடுகிறேன். ஏனெனில் உரிமையாளரே புதிதாகச் சேர வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்.

மட்டக்களப்பில் அமெரிக்க விளையாட்டு வீரர் ஒருவரின் படம் தொங்குவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை ஊட்டி வளர்த்த ஊர் இது. அங்கிருந்து வந்த பந்து எதுவும் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல.

டொனால்ட் 1991 மே 23 அன்று பிட்ஸ்பேர்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை வீட்டின் நிலவறையில் பழைய இரும்புகளைச் சேர்த்து ஒரு பயிற்சி அறை அமைத்திருந்தார். அந்தக் குடும்பத்தார் அதை ‘பாதாளச் சிறை’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். சோம்பேறியாக இருந்த மகனைப் பன்னிரண்டு வயதளவில் காலை 4:30 மணிக்கு எழுப்பி, பாடசாலைக்கு அனுப்புவதற்கு முன் அங்கே பயிற்சி கொடுத்தார் அந்தத் தந்தை. கல்லடியின் மணல் மண்ணில் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும் என்பதால் நமது மாஸ்டருக்கு, அதாவது ஜிம் உரிமையாளருக்கு, நிலவறை வாய்க்கவில்லை. ஆனால் அந்த 4:30 மணியை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த நான்கு மாதங்களில் கதவு பிந்தித் திறந்த நாள் ஒன்றுகூட இல்லை. மாரி மழையில் ஒழுங்கை முழங்கால் அளவு தண்ணீரில் கிடந்த ஒரு நாளிலும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் டோர்ச் லைற்றைக் கவ்வியபடி அவர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நகரில் இதற்கு முன் நான் சேர்ந்திருந்த இரண்டு இடங்களில், கட்டணம் வாங்கிய கையோடு நேரத்தையும் மறந்துவிட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்விடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

என் மனத்தாங்கல் பயிற்சி முறையைப் பற்றியது. அதை விளக்க டொனால்ட் விளையாடிய இடத்தைச் சொல்ல வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பாக். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் மதிலாக நிற்பார்கள். அந்த மதிலின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே நின்று, அதை உடைத்துக்கொண்டு உள்ளே போய், பந்து கையை விட்டுப் போவதற்கு முன் குவாட்டர்பாக்கை வீழ்த்துவது டிபென்சிவ் டக்கிள் எனப்படுபவரின் வேலை; அப்படி வீழ்த்துவதற்கு ‘சக்’ என்று பெயர். பாடிக்கொண்டு வருபவர் கோட்டை நோக்கித் திரும்பும் அந்த அரைக் கணத்தில் கணுக்காலைப் பிடிக்கும் கபடிக்காரருக்கு இந்த வேலையின் சூட்சுமம் உடனே விளங்கும். முந்நூறு இறாத்தலைத் தாண்டியவர்கள் மலிந்த அந்த இடத்தில் டொனால்ட் ஏறத்தாழ 280 இறாத்தல் எடையும் ஆறடி ஓரங்குல உயரமும் கொண்டவர், அதாவது சிறியவர். 2014 இல் அணிகள் வீரர்களைத் தெரிவு செய்தபோது பன்னிரண்டு பேருக்குப் பின்னரே, 13 ஆவதாக, அப்போது சென்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணி அவரை எடுத்தது. அந்தப் பருவத்திலேயே சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. பின்னர் 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரும் அவரே. மூன்று முறை இவ்விருதைப் பெற்றவர்கள் அவருக்கு முன் லோரன்ஸ் டெய்லரும் ஜே. ஜே. வட்டும் மட்டுமே. 2018 இல் ஒரே பருவத்தில் 20.5 சக் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை), ஓய்வு பெறும்போது மொத்தம் 111. பெரும்பாலும் இருவர் சேர்ந்து மறித்துக்கொண்டிருந்த ஒருவர், அதுவும் மதிலின் நடுவில் நின்று எடுத்த கணக்கு இது.

நமது ஜிம்மில் இந்தக் கதையிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டது பாரம் மட்டுமே. தெரிவுக்கு முந்திய சோதனையில் டொனால்ட் 225 இறாத்தல், அதாவது சுமார் 102 கிலோ பாரத்தைப் படுத்தபடி 35 தடவை தூக்கினார் என்பதை மாஸ்டர் படத்தின் கீழே எழுதி வைத்திருக்கிறார். அதே சோதனையில் 40 யார் (சுமார் 37 மீற்றர்) தூரத்தை 4.68 செக்கனில் ஓடினார் என்பது எழுதப்படவில்லை. அந்த உடம்புக்கு அந்த வேகம்தான் அதிசயம். கையின் வேகத்துக்காகப் போலிக் கத்திகளைத் தட்டிவிடும் பயிற்சியையும் அவர் செய்தார். எதிராளியின் கை தன் மார்பில் படிவதற்கு முன் அதைத் தட்டிவிட்டால் அவருடைய எடை எத்தனை இறாத்தலாக இருந்தும் பயனில்லை. இதை நான் மாஸ்டரிடம் எடுத்துச் சொன்னபோது, “தம்பி, முதல்ல பாரத்தத் தூக்கப் பழகுங்க, மத்ததெல்லாம் தானா வரும்” என்றார். வரவில்லை. மூன்றாவது மாதம் என் முதுகுதான் பிடித்துக்கொண்டது. குதிக்காலை ஊன்றி இடுப்பைத் தாழ்த்தும் விதத்தை எவரும் எனக்குக் காட்டித் தராமலே தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனதன் பலன் அது.

லீக்கின் 2022 இறுதிப் போட்டியை, அதாவது ‘சுப்பர் போல்’ ஆட்டத்தை, மாஸ்டர் தன் கைத்தொலைபேசியில் அடிக்கடி போட்டுக் காட்டுவார். நமக்கு அது பெப்ரவரி 14, திங்கட்கிழமை காலை 5 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். பெங்கால்ஸ் அணி பந்தை இன்னும் ஒரேயொரு யார் தூரம் முன்னே கொண்டுபோக வேண்டும், கையில் இருப்பது கடைசி வாய்ப்பு; தவறினால் பந்து ராம்ஸுக்குப் போய்விடும். டொனால்ட் உள்ளே பாய்ந்து குவாட்டர்பாக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்ற, சுழன்றபடியே பரோ தள்ளிவிட்ட பந்து வெறும் நிலத்தில் விழுகிறது. டொனால்ட் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, வெற்றி மோதிரம் ஏறப்போகும் விரலைச் சுட்டிக் காட்டியபடி ஓடுகிறார். மாஸ்டர் அந்த ஓட்டத்தில் படத்தை நிறுத்துவார். எனக்கோ அதற்கு மூன்று செக்கன் முன்னால் நிறுத்த வேண்டும்போல் இருக்கும். அங்கே கால் எப்படி விழுகிறது, தோள் எவ்வளவு தாழ்கிறது என்பதில்தான் பாடம் இருக்கிறது. அதே ஆண்டு ஓகஸ்டில், அதே பெங்கால்ஸ் அணியுடனான கூட்டுப் பயிற்சியில் மூண்ட கைகலப்பில் டொனால்ட் எதிரணியின் தலைக்கவசங்களைக் கையில் பிடித்துச் சுழற்றியதும் படமாகியிருக்கிறது. அதை மாஸ்டர் காட்டுவதில்லை. இளம் பொடியன்கள் நிறைந்த இடத்தில் அதையும் காட்டி, இது கூடாது என்று சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணம் 3,500 ரூபா, மாணவருக்கு 2,000. மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றுவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்குப் பின் உள்ளே நிற்பது சிரமம். உப்புக் காற்றில் இரும்புத் தட்டுகள் துருப்பிடிக்காமலிருக்க வாரத்துக்கொரு முறை தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கிறார்கள், அந்த அக்கறை மெச்சத்தக்கது. கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. முன்மேசையில் விற்கப்படும் புரதத் தூளை வாங்க வேண்டாம். டின்னில் இருந்து பையில் கொட்டிக் கொடுக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்ற விபரம் பையில் இல்லை.

அண்மையில் நிந்தவூரைச் சேர்ந்த கபடிக்காரர் ஒருவர் உதவிப் பயிற்றுநராக வந்திருக்கிறார். இரண்டு பத்திரிகைகளைக் குழலாகச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நோக்கி மாறி மாறி நீட்டுவார். நாம் பின்வாங்காமல், இடுப்பைத் தாழ்த்தி நின்று, புறங்கையால் அவற்றைத் தட்டிவிட்டு அவருடைய தோளைத் தாண்டிப் போக வேண்டும். முதல் நாள் என் நெஞ்சில் பத்திரிகை மை அப்பியிருந்தது. இப்போது பத்துக்கு ஆறு தட்டுகிறேன். சேர விரும்புபவர்கள் செவ்வாயும் வியாழனும் காலை ஐந்து மணிக்குப் போய் அவரிடம் கேட்டுச் சேருங்கள். மற்ற நாட்களில் அவர் வருவதில்லை.