சொதிக்குப் பெட்டித் தேங்காய்ப் பால்: வாங்கலாம், பின்பக்கம் படித்துவிட்டு

அரிசியை விடச் சொன்னால் திருநெல்வேலிக்காரன் முனகிக்கொண்டாவது விட்டுவிடுவான். சொதியை, அதாவது காய்கறி போட்ட தேங்காய்ப் பால் குழம்பை, விடச் சொன்னால் டாக்டரை மாற்றிவிடுவான். சர்க்கரைக்காக மாவுச்சத்தைக் குறைத்த பிறகும் எங்கள் வீட்டில் சொதி நிற்கவில்லை. ஆனால் வேலை நாளில் தேங்காய் உடைத்து, துருவி, அரைத்து, பிழிய யாருக்கு நேரம்? அதனால் கடையில் கிடைக்கும் தேங்காய்ப் பால் பொடியையும், 200 மில்லி அட்டைப் பெட்டிப் பாலையும் மாற்றி மாற்றி வாங்கிச் சமைத்தேன்.

பொடியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நான் வாங்கியதில் தேங்காய்க்கு அடுத்ததாகவே மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தது. கொழுப்பு நிறைந்த பாலை உலர்த்திப் பொடியாக நிறுத்த ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும், அதற்காகச் சேர்ப்பது அது. மாவுச்சத்தை உடைத்துத் தயாரிப்பது. நாக்குக்குப் பெரிதாக இனிக்காது, ரத்தத்தில் மட்டும் சர்க்கரை போலவே விறுவிறுவென ஏறும். போதாக்குறைக்கு சோடியம் கேசினேட், அதாவது மாட்டுப் பாலின் புரதம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

பெட்டிப் பால் அப்படியில்லை. பொருள் பட்டியல் சின்னது: தேங்காய்ச் சாறு, தண்ணீர், பால் பிரியாமல் பிடித்து வைக்கும் ஒன்றிரண்டு நிலைப்படுத்திகள். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான எண் வரிசையில் ஐ.என்.எஸ். 412 என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள், கொத்தவரை இன விதையிலிருந்து எடுக்கும் குவார் கம் அது. பார்க்க வேண்டியது கொழுப்பு அளவை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி தேங்காய்ப் பால் என்றால் குறைந்தது 10 சதவீதம் கொழுப்பு, கிரீம் என்றால் 20, 'லைட்' என்றால் 5. வீட்டில் பிழியும் கெட்டிப் பாலில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேலேயே கொழுப்பு வரும். மாவுச்சத்து ஐந்தாறு கிராம்தான், அதிலும் கொஞ்சம் நார்ச்சத்து. ஆக, 'லைட்' வாங்குவது தண்ணீருக்குக் காசு கொடுப்பது. சர்க்கரை சேர்த்து, குடிப்பதற்கென்று விற்கும் தேங்காய்ப் பாலும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், கை தவறி எடுத்துவிடாதீர்கள்.

சரி, சொதிக்கு வருவோம். ஊர்ச் சொதியில் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் உண்டு. இரண்டையும் எடுத்துவிட்டேன். முருங்கைக்காய், பீன்ஸ், கத்திரிக்காய், காலிஃபிளவர் போதும். பருப்பு போனதும் குழம்பு நீர்த்துவிடும், அந்த இடத்தைக் கெட்டிப் பால்தான் நிரப்ப வேண்டும். பெட்டிப் பாலில் கால் பங்கை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், பூண்டோடு காய்களை அதில் வேகவிட்டேன். மீதியை அடுப்பைக் குறைத்துவிட்டுக் கடைசியில் ஊற்றினேன். வீட்டுப் பால் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் கொதித்தாலும் திரிந்துவிடும். பெட்டிப் பாலில் நிலைப்படுத்தி இருப்பதால் ஓரளவு தாங்குகிறது. இது உண்மையிலேயே வசதி. இறக்கிய பிறகு இஞ்சிச் சாறு, சூடு தணிந்ததும் எலுமிச்சை.

ருசி? நிறம், கெட்டி இரண்டுக்கும் குறையில்லை. வாசனையில்தான் இடிக்கிறது. அதிகச் சூட்டில் பதப்படுத்துவதால் ஒரு 'வெந்த' மணம் வந்துவிடுகிறது, புதுத் தேங்காயின் அந்த லேசான இனிப்பு இல்லை. இஞ்சியும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போட்டால் பாதி மறைகிறது. மீன் குழம்பிலோ கோழிக் குழம்பிலோ மசாலா ஏறிவிட்டால் வித்தியாசமே தெரியாது. என் மாமியார் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சொதியை ஒரு கரண்டி வாயில் வைத்ததும், "தேங்காய் எங்கே வாங்கினீங்க மாப்பிள்ளை?" என்றார். அதனால் விருந்தாளி வரும் நாளில் தேங்காய் துருவுவதே மரியாதை. மறுவீட்டுக்கு வைக்கும் சொதியில் பெட்டியைத் திறந்தால் சம்பந்தம் கெட்டுப்போகும்.

ஆப்பமும் சோறும் இல்லாமல் எதோடு சாப்பிடுவது என்று கேட்பார்கள். காலிஃபிளவரைத் துருவி, ஈரம் போக வாணலியில் வதக்கி அதன்மேல் ஊற்றலாம். எனக்குப் பிடித்தது அவித்த முட்டை இரண்டு போட்டு, கிண்ணத்தில் சூப் மாதிரி. தொட்டுக்கொள்ள வெல்லம் சேர்க்காத இஞ்சித் துவையல். கெட்டிப் பால் பெட்டியை ஒருவரே காலி செய்தால் 400 கலோரி வரை போகும், பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரால் பார்க்கிறவர்கள் பெட்டியை மூன்று பேருக்குப் பகிருங்கள்.

விலை, நான் வாங்கியபோது தேங்காய் விற்ற விலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே கட்டியாக உறைந்திருக்கும், அது கெட்டுப்போனதல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்குங்கள். திறந்ததை மூடியுள்ள பாட்டிலுக்கு மாற்றி இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். ஐஸ் டிரேயில் உறைய வைத்தும் பார்த்தேன்: உருகும்போது பிரிந்து திட்டுத்திட்டாக நிற்கிறது, குழம்புக்கு ஆகும், சொதிக்கு ஆகாது.