சீனக் குடும்பங்களும் வளரிளம் பருவத்தினரின் மனமும்: ஓர் இணையவழி வகுப்பு பற்றிய மதிப்புரை

சீன வளரிளம் பருவத்தினரின் உணர்வு வளர்ச்சியில் குடும்பத்தின் பங்கை விளக்கும் இந்த இணையவழி வகுப்பு, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேசுவதாலேயே என் மதிப்பைப் பெற்றது. பெற்றோர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட, கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றிய பகுதிதான் இதன் உயிர்நாடி. பள்ளி போன்ற அரசுச் சேவைகளைப் பதிவான ஊரோடு பிணைக்கும் ஹுகோவ் எனப்படும் குடும்பப் பதிவு முறையால் நகரப் பள்ளிகளில் இடம் கிடைப்பது கடினமாக இருப்பது பெற்றோரும் பிள்ளைகளும் பிரிந்து வாழ்வதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதைப் பொறுமையாக எடுத்துரைக்கிறார்கள். காணொளி அழைப்பில் மதிப்பெண்ணை மட்டுமே விசாரிக்கும் தந்தையிடம், தன் பயத்தைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிடும் மகனாக நம்மையே நடிக்கச் சொல்லும் பயிற்சி மனத்தைத் தைத்தது. கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் தரும் அழுத்தம் பற்றிய பாடமும் நன்று. ஆனால், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டில் பிள்ளைகளை நல்வழியில் வளர்க்கும் பொறுப்பைப் பெற்றோருக்கு வகுக்கும் குடும்பக் கல்வி ஊக்குவிப்புச் சட்டத்தை இரண்டே வரிகளில் கடந்துவிட்டது பெருங்குறை. பெற்றோரைவிட ஆசிரியர்களுக்கே இதை முதலில் பரிந்துரைப்பேன்.