வி-பெர்த்தா, குவார்ட்டர் பெர்த்தா? பாய்மரப் படகின் படுக்கையறையைப் படிப்பது எப்படி

பாய்மரப் படகின் படுக்கையறைப் படத்தை முதல்முறை பார்ப்பவர்கள் கேட்பது இதைத்தான்: கட்டில் ஏன் முக்கோணமாக இருக்கிறது, மெத்தைக்கு அடியில் எதற்கு ஒரு முரட்டுத் துணி, அலமாரிக் கதவில் விரல் நுழையும் ஓட்டை ஏன், கால் நீட்டும் பக்கம் ஏன் பெட்டிக்குள் போய் முடிகிறது? இதில் எதுவுமே அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. நல்ல காற்றில் பாய் விரித்தால் படகு 15 முதல் 25 டிகிரி வரை ஒரு பக்கம் சாய்ந்து, மணிக்கணக்கில் அதே சாய்வில் ஓடும். அப்போது உள்ளே ஒருவர் தூங்கியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து சுக்கானைப் பிடிக்கப் போவது அவர்தான். அதனால் நங்கூரம் போட்ட பிறகு தூங்கும் படுக்கை, ஓடும்போது தூங்கும் படுக்கை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த அறைகள் புரியும்.

முன்முனையில் இருப்பது வி-பெர்த், அதாவது ஆங்கில V வடிவப் படுக்கை (பெர்த் என்றால் படகின் படுக்கை). படகின் உடற்பகுதி அங்கே கூம்பிக்கொண்டே போவதால் இரண்டு படுக்கைகளும் கால்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் உள்ள இடைவெளி நின்று உடை மாற்றுவதற்கு. இரவில் அதன்மேல் பலகையும் ஒரு முக்கோண மெத்தைத் துண்டும் வைத்தால் இருவர் படுக்கும் கட்டில் ஆகிவிடும். தலைக்கு மேலே ஹேட்ச், அதாவது மேல்தளத்துக்குத் திறக்கும் மூடி. நங்கூரத்தில் கிடக்கும் படகு பெரும்பாலும் காற்றை நோக்கித்தான் நிற்கும் என்பதால் அந்த ஹேட்ச் வழியாக வரும் காற்றுக்கு ஈடு கிடையாது; சமையல் பக்கமோ இன்ஜின் பக்கமோ தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அதுதான், அதனால்தான் அதன் கீழே ஏறி நிற்க எதையாவது அமைத்திருப்பார்கள். ஆனால் அலையை எதிர்த்து ஓடும்போது படகின் நடுப்பகுதியை அச்சாக வைத்து முன்முனை ஏறி ஏறி விழும், படுத்திருப்பவர் மெத்தையை விட்டு எழும்பி மறுபடி விழுவார். அங்கே தூக்கம் வராது. நீண்ட பயணங்களில் பலர் அந்த இடத்தைப் படகின் பாய்த்துணி மூட்டைகளுக்கு விட்டுவிடுவது அதனால்தான்.

பின்பக்க டபுள் கேபின்தான் புதிய படகுகளில் விற்பனைக்கு முன்னால் நிற்கும் அறை. காக்பிட்டுக்கு (மேலே உட்கார்ந்து படகை ஓட்டும் இடம்) அடியில் இருப்பதால் கூரை மெத்தையின் பாதியில் திடீரென்று தாழ்ந்துவிடும். பக்கச் சுவரில் கழற்றக்கூடிய பலகை இருந்தால் அது இன்ஜினைத் தொடுவதற்கு. மெத்தைக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்தால் சுக்கானின் கம்பிகளோ டேங்கோ தெரியும். ஆட்டம் முன்முனையைவிடக் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் அகலத்தில்தான் இருக்கிறது: படகு சாய்ந்தால் இருவரும் தாழ்ந்த பக்கம் உருண்டு சேர்ந்துவிடுவார்கள். விவரம் தெரிந்தவர் கட்டிய படகில் நடுவே நிறுத்தும் பலகையோ துணியோ இருக்கும், அது இல்லாத டபுள் கட்டில் துறையில் கட்டியிருக்கும்போது மட்டும் அழகு. இரண்டு பக்கமும் இறங்க வசதியாக நடுவில் நிற்கும் கட்டில் இன்னும் மோசம், சாய்ந்தால் பிடித்துக்கொள்ள ஒரு சுவர்கூட இல்லை. இன்னொன்று, அகலமும் தட்டையுமான பின்பகுதிக்கு அடியில் சிற்றலை வந்து அறையும் சத்தம் நங்கூரத்திலும் தூங்கவிடாது.

குவார்ட்டர் பெர்த் பார்ப்பதற்கு ஒரு பொந்து. தலை மட்டும் வெளியே, மீதி உடம்பு காக்பிட் இருக்கைக்கு அடியில். முதலில் பார்ப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், நான் முதலில் தேடுவதே இதைத்தான். 55-60 சென்டிமீட்டர் அகலம் போதும், அதற்கு மேல் போனால் உடம்பு உருள ஆரம்பித்துவிடும். இங்கே ஒரு பக்கம் படகின் சுவரும் மறுபக்கம் இன்ஜின் பெட்டியும் தாங்கிப் பிடிக்கின்றன. குறையும் உண்டு: இன்ஜின் ஓடினால் சூடு, மேலே படி வழியாகத் தெறிக்கும் உப்புத் தண்ணீர், கால்பக்கம் காற்றே இல்லாத புழுக்கம்.

ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது படகின் நடுவில், தாழ்வான இடத்தில், அதாவது சலூன் எனப்படும் பொது அறையில் உள்ள நீள இருக்கையில். அந்த இருக்கை குட்டையாக இருந்தால் கால்கள் அடுத்த அலமாரிக்கு அடியில் நுழையும்படி ஒரு பெட்டி அமைப்பார்கள், மேலே சொன்ன கால்பெட்டி இதுதான். காற்று வரும் பக்கம் இந்த இருக்கை அமைந்தால் அது மேட்டில் இருக்கும், தடுப்பு இல்லாவிட்டால் நேரே தரையில்தான் விழுவீர்கள். அதற்குத்தான் அந்த முரட்டுத் துணி, லீ கிளாத்.

துணியா, மரப்பலகையா? பலகை சட்டென்று செருகலாம், தளராது. ஆனால் அலை தூக்கிப் போடும்போது இடுப்பில் இடிக்கும், கழற்றாவிட்டால் பகலில் உட்காரவும் முடியாது. துணி உடம்போடு சேர்ந்து கொடுத்து வாங்கும், வேண்டாதபோது மெத்தைக்கு அடியில் போய்விடும். நான் துணியின் பக்கம். அடி விளிம்பு பட்டை வைத்து வரிசையாகத் திருகி இறுக்கியிருக்க வேண்டும், கயிறுகள் மேலே உள்ள உறுதியான கைப்பிடியில் கட்டப்பட வேண்டும், தொடையிலிருந்து தோள்வரை நீளம் வேண்டும். முழு உடம்பின் எடையும் அதில்தான் விழப்போகிறது என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஈரம். கதவில் உள்ள ஓட்டைக்கு இரண்டு வேலை: விரலை விட்டு உள்ளே இருக்கும் கொண்டியைத் தள்ள வேண்டும், அதே ஓட்டை வழியாக அலமாரிக்குள் காற்றும் போகும். நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் இல்லாததால் தடுமாறி விழுபவருக்குக் காயமும் படாது. அழுத்தினால் திறக்கும் புதிய பூட்டுகள் பளிச்சென்று இருந்தாலும் காற்று விடுவதில்லை, உள்ளே பூஞ்சை பிடிக்கும். சுவரில் இடைவெளி விட்டு அடித்த மரப்பட்டிகளும் அப்படித்தான். குளிர்ந்த சுவரில் வேர்க்கும் நீர் மெத்தையைத் தொடாமல் அவை தடுக்கின்றன, ஒன்றைக் கழற்றினால் பின்னால் இருக்கும் போல்ட் கைக்கு வரும். அதற்குப் பதிலாகப் பஞ்சோடு ஒட்டிய வினைல் விலை குறைவு, பார்வைக்கும் மென்மை. பசை காய்ந்ததும் தொங்கத் தொடங்கும்.

கூரையில் சிவப்பு விளக்கு இருந்தால் அதையும் வீண் என்று நினைக்க வேண்டாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20-30 நிமிடம் பிடிக்கும், வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும், மங்கலான சிவப்பு அந்த அளவுக்குக் கெடுக்காது. நள்ளிரவில் எழுந்து நேரே மேல்தளத்துக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

படகைப் பார்க்கப் போகும்போது படுக்கை ஒவ்வொன்றிலும் முழுதாகப் படுத்துப் பாருங்கள், தோளும் முழங்காலும் எங்கே இடிக்கிறது என்று கவனியுங்கள். பிறகு மெத்தையைத் தூக்குங்கள். லீ கிளாத்தோ அதற்கான திருகுத் தடங்களோ ஒரு படுக்கையில்கூட இல்லையென்றால், அந்தப் படகில் ஓடும்போது யாரும் தூங்கியிருக்க வாய்ப்பு குறைவு.