ஜெயகாந்தனா, பிரபஞ்சனா: எங்கே தொடங்குவது?

ஒரே எழுத்தாளர் பல வடிவங்களில் எழுதுவது எப்படி என்று பார்க்க கடலூர் ஜெயகாந்தனையும் புதுவைப் பிரபஞ்சனையும் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் சிறுகதை, நாவல், கட்டுரை என்று எழுதியவர்கள்தான். வழிதான் வேறு.

ஜெயகாந்தன் ஒரே கருவைத் திரும்ப எடுத்து எழுதுவார். 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெட்டுப்போனதாக அழும் மகள் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, விஷயத்தை அதோடு முடிக்கிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலிலோ தாய் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள்; மகளின் வாழ்க்கையே திசைமாறுகிறது. இந்த நாவலுக்குத்தான் 1972இல் சாகித்ய அகாதெமி விருது. 1977இல் படமாக வந்தபோது திரைக்கதையும் அவரே. சிறுகதையை முதலில் படியுங்கள். நாவலை முந்திப் படித்தால் அந்தத் திருப்பத்தின் வலு பிடிபடாது.

பிரபஞ்சன் ஆவணத்திலிருந்து நாவலுக்கு வந்தவர். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் மூலம். 'மானுடம் வெல்லும்' முடித்துவிட்டே, 1995இல் விருது பெற்ற 'வானம் வசப்படும்' எடுக்க வேண்டும். மாற்றிப் படித்தால் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் பெயர்க்கூட்டத்தில் திணறிப்போவீர்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் அவருடைய சிறுகதைகளே போதும். என்னைக் கேட்டால், வடிவ மாற்றத்தைக் கற்க ஜெயகாந்தன்தான்.