சுங்கை சிப்புட்டில் ஆளுமைச் சோதனை: பணம் கட்டலாமா?

தங்கச்சி டாக்டர்; ஹவுஸ்மேன்ஷிப் (மருத்துவமனைப் பயிற்சிக் காலம்) முடிக்கப் போகிறாள். அடுத்து எந்த மருத்துவத் துறை எடுப்பது என்று ஒரே குழப்பம். அதனால் இங்கே டவுனில் கடைவீட்டு மாடியில் நடந்த ஆளுமைச் சோதனைக்கு அழைத்துப் போனேன். மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை, ஆட்களை மொத்தம் 16 ஆளுமை வகைகளாகப் பிரிக்கும். 1950-களிலேயே, இதை உருவாக்கியவர்களில் ஒருவரான இசபெல் மயர்ஸ் இதை ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்களிடம் நடத்தியிருக்கிறார்.

கேள்விகள் சரி. ஆலோசகர்தான் சொதப்பல். "உள்முக சுபாவமா? அப்போ நோயாளிகளோடு அதிகம் பேச வேண்டாத நோயியல், கதிரியக்கம்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். எஸ்டேட் பாட்டிகளிடம் இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பவள் இவள்! மறுபடி எழுதினால் பலருக்கு வகையே மாறிவிடும் என்பதையும் அவர் சொல்லவில்லை. வீட்டில் பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான். அந்தச் சோதனை முடிவுத் தாளை நம்பித் துறைக்கு விண்ணப்பிக்காதீர்கள். அப்புறம், கார் நிறுத்துமிடத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்.